பாஸ்டன் தேநீர் விருந்து: வரியா, வரிச்சலுகையா?

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். வரியை உயர்த்தியதால் வெடித்த போராட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஆண்டு தேயிலைக்குப் புதிதாக வரி எதுவும் போடவில்லை. கொடுத்தது வரிச்சலுகை! அதுவும் ஒரே ஒரு கம்பெனிக்கு.

கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் தத்தளித்தது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகக் குவிந்து கிடந்தது. (1770 வங்கப் பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் செத்தபோதும் நிலவரி வசூலை நிறுத்தாத அதே கம்பெனிதான்.) பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதற்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. கூடவே தேயிலைச் சட்டம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தால் இங்கிலாந்தில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும். இடைத்தரகர் இல்லாமல் கம்பெனியே நேரடியாக விற்கலாம். எம்.பி.க்கள் பலர் கம்பெனியின் பங்குதாரர்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால் இந்தத் தாராளம் புரியும்.

அமெரிக்கர்கள் கட்ட வேண்டிய பழைய வரி மட்டும், ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ், அப்படியே நின்றது. கம்பெனித் தேயிலை மலிவானது. உள்ளூர் வணிகர்களும் கடத்தல்காரர்களும் சேர்ந்தே கொதித்தார்கள்.

கடலில் போன சரக்குக்குக் கம்பெனிக்கு நஷ்டஈடு தரும்வரை பாஸ்டன் துறைமுகத்தை மூடிவைக்க 1774இல் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது.