ஏழுகன்னியர் மலையும் 1974ஆம் ஆண்டும்

அட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் செல்வோர் அச்சிறு நகரிலே விமானச் சக்கரத்தின் டயர் ஒன்று நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருத்தலைக் காண்பர். தேயிலையும் நீர்மின்னுமே பேச்சாயுள்ள ஊருக்கு அது சற்றும் பொருந்தாத பொருள். அதன் பின்னே 191 உயிர்களின் கதை உண்டு.

1974 டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, நெதர்லாந்தின் மார்ட்டினேர் நிறுவனத்துக்குரிய டிசி-8 விமானமொன்று 182 இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரையும் 9 பணியாளரையும் சுமந்து, சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இடையே கட்டுநாயக்காவில் இறங்குதற்காக உயரத்தைக் குறைத்தபோது, விமானிகள் தாம் நிற்குமிடத்தைப் பிழையாகக் கணித்தனர். விமான நிலையம் அண்மித்துவிட்டதென அவர்கள் கருதிய வேளையில் கீழே இருந்ததோ மஸ்கெலியாவின் மலைத்தொடர். ஏழுகன்னியர் மலையில் மோதிய விமானத்திலிருந்து எவரும் பிழைத்திலர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இதுவே மிகப் பெரியது. மக்காவைக் காணப் புறப்பட்டோரிற் பெரும்பாலோர் அம்மலைச் சாரலிலேயே அடக்கமாயினர்.

அச்சாரலை அடுத்த லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கு அவ்வாண்டில் சாவு புதியதன்று. எண்ணெய் விலையும் தானிய விலையும் உலகெங்கும் உயர்ந்தமையால் 1973இன் இறுதியில் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. கோதுமை மாவும் அருமையாயிற்று. கிராமத்தவன் கிழங்கையேனும் நட்டு உண்ணலாம். மாவையே நம்பிய லயத்து மக்களுக்கோ நடுதற்கு நிலமில்லை. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் பொதுவான வீதத்தைப் போல் இரு மடங்கை விஞ்சியது.

இங்கு ஒன்று நோக்குதற்குரியது. விமானத்தில் மாண்டோர் 191 பேர். அவ்வெண்ணில் ஐயமில்லை, பயணிகள் பட்டியல் இருந்தது. பஞ்சத்தில் மாண்டோருக்கு எஞ்சியது ஒரு வீதம் மட்டுமே. மரணப் பதிவேட்டில் பசி என்றொரு நோய் இல்லை. வயிற்றோட்டம் என்றும் சோகை என்றும் எழுதியபின் பசியை எங்கே தேடுவது? தோட்டத்து மக்களை எண்ணத் தெரியாதவரல்லர் ஆட்சியாளர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைப் பாதி பாதியாகப் பங்கிட்ட சிறிமா–இந்திரா உடன்படிக்கை எழுந்ததும் இதே 1974இல், ஜனவரி மாதத்தில். உயிரோடிருந்தோரை இருநாட்டுக்கும் பிரிக்கையில் கணக்கு ஆயிரம் பிசகாமல் நின்றது.

யாத்திரிகரின் நினைவிடத்தைக் குறைகூற யாதுமில்லை. அந்நியரின் சாவை ஒரு மலைநாட்டு ஊர் தன் தெருவோரத்தில் இன்றும் பேணுகின்றது. அவ்விடத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் தோட்டத்து மயானங்கள் வரும். 1974இல் அங்கே புதைக்கப்பட்ட குழந்தைகளின் மண்மேடுகளை இன்று அடையாளங் காட்டவல்லவர் முதியோர் சிலரே.