குழம்பில்லாத கிழங்கு

மலேசியத் தமிழ் வீடுகளில் மரவள்ளிக்கிழங்குக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டி இருந்த வீடு என்றால், "அந்தக் கெழங்கத் தின்னுதான் மூணு வருசத்த ஓட்டினோம்" என்கிற பேச்சு காதில் விழாமல் இருந்திருக்காது. கதியற்றவர்களின் சாப்பாடு அது. இதே கிழங்கைக் கானாவிலும் நைஜீரியாவிலும் விருந்தாளிக்குச் சந்தோஷமாகப் பரிமாறுகிறார்கள். ஒரே கிழங்குக்கு எப்படி இரண்டு பேர் வந்தது?

அங்கே அதற்கு ஃபுஃபு என்று பெயர். கானாவில் மரவள்ளியையும் வாழைக்காயையும் வேகவைத்து மர உரலில் போட்டு ஒருவர் இடிப்பார். இன்னொருவர் ஒவ்வொரு இடிக்கும் நடுவில் கையை விட்டுப் புரட்டிக் கொடுப்பார். பிசுபிசுவென்று உருண்டை திரண்டு வரும். நைஜீரியாவில் கிழங்கைச் சில நாள் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, கரைத்து வடிகட்டி, அடுப்பில் வைத்துக் கிண்டுவார்கள். உருண்டை மட்டும் தட்டில் வராது. வேர்க்கடலையை அரைத்து ஊற்றிய குழம்போ, கீரையும் கருவாடும் செம்பனை எண்ணெயும் சேர்த்த குழம்போ கூடவே வரும். வலது கையால் ஒரு விள்ளல் பிய்த்து, குழி பண்ணி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் முழுங்க வேண்டும்.

கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நம்மிடம் வந்த தானியம்தான்.

மரவள்ளியின் பயணம் வேறு. அதன் தாய்மண் தென்னமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் அதை ஆப்பிரிக்கக் கரையில் இறக்கினார்கள். இன்று உலக விளைச்சலில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான்; முதலிடம் நைஜீரியாவுக்கு. மலாயாவுக்கு அது வீட்டுச் சாப்பாடாக வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மலாக்காவின் சீன முதலாளிகள் ஏற்றுமதி மாவுக்காகப் பயிரிட்டார்கள். தோட்டத் தமிழனுக்குச் சோறு என்றால் கப்பலில் வரும் அரிசிதான். மலாயா தின்ற அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது.

1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ்டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 17ஆம் தேதிக்குள் வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் தீவைக் காலி செய்தார்கள். 19ஆம் தேதி ஜப்பானியப் படை உள்ளே வந்தது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியது, வாழைமரம் அச்சடித்த நோட்டு புழக்கத்துக்கு வந்தது, அரிசிக் கப்பல் நின்றது. அரிசிப் பங்கீடு குறையக் குறைய, கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். குச்சியை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும், முளைத்துவிடும். ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோன பிறகு, தோட்டங்களில் மிஞ்சிய பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றியது பெரும்பாலும் இந்தக் கிழங்குதான். ஆனால் காப்பாற்றியதற்கு நன்றியாக அதற்குக் கிடைத்தது வசைதான்.

ஏன் என்பதற்கு ஒரு மருத்துவரின் கதை உதவும். சிசிலி வில்லியம்ஸ் 1930களில் இன்றைய கானாவில், அப்போதைய கோல்ட் கோஸ்ட்டில், வேலை பார்த்தவர். வயிறும் காலும் வீங்கி, முடி நிறம் மாறிச் சாகும் குழந்தைகளைப் பார்த்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் நின்று, வெறும் சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகள் அவை. கா மொழியில் தாய்மார்கள் அந்த நோய்க்கு வைத்திருந்த க்வாஷியோர்கர் என்ற பெயரையே 1935இல் மருத்துவ உலகத்துக்குச் சொன்னார். அடுத்த ஆண்டே அவரை மலாயாவுக்கு மாற்றினார்கள். போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சிங்கப்பூரில் 1945 வரை கைதியாகக் கிடந்தார்.

மாவு மட்டும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. மரவள்ளியில் புரதம் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். அதனால்தான் ஆப்பிரிக்காவில் உருண்டையோடு மீனும் கடலையும் கீரையும் எண்ணெயும் சேர்ந்து வருகின்றன. ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கூட்டாளிகள் கைக்கு எட்டவில்லை. எண்ணெய்க்கும் மீனுக்கும் கள்ளச்சந்தை விலை. அவித்த கிழங்கை வெறுமனே தின்றார்கள். தாத்தா திட்டியது கிழங்கை. உண்மையில் தட்டில் இல்லாமல் போனது குழம்பு.

அந்தக் குழம்புக்கு நிறம் கொடுக்கும் எண்ணெய் வேறொரு வழியாக நம்மிடம் வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகப் பயிராக நட்டார்கள். பிறகு ரப்பரை வெட்டிவிட்டு அதை நட்ட தோட்டங்களில் குலை அறுத்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! கிழங்கும் வந்தது, எண்ணெயும் வந்தது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் வழக்கம் மட்டும் வரவில்லை.

இன்று பினாங்குக் கடைகளில் அதே கிழங்கு தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்ந்து பிங்காவாக விற்கிறது. இளசுகள் விரும்பி வாங்குகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌராஸ்தா மார்க்கெட்டில் கிழங்கும் கடலையும் கருவாடும் வாங்கி வாருங்கள். தோல் சீவி நன்றாக வேகவையுங்கள். பச்சையாக இருந்தால் விஷம். இடிக்க ஆள் இல்லையென்றால் களிக்கட்டையால் கிண்டலாம். குழம்பை மட்டும் தாராளமாக வையுங்கள்.