இருமலுக்குச் செவிகொடுத்த ஊர்

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் சம்பிகே சாலைக்கும் மார்கோசா சாலைக்கும் இடையே நடந்து போகிறவர்கள், வீடுகளின் புழக்கடையை ஒட்டி ஓடும் குறுகலான சந்துகளைக் கவனித்திருப்பார்கள். 'கன்சர்வன்சி சந்து' என்பது அவற்றின் பழைய பெயர். கழிவு அள்ளும் தொழிலாளி பின்புறமாகவே வந்து பின்புறமாகவே போவதற்கு விட்ட வழி அது. இந்த நகரின் நலத்தைக் காத்த முதல் கைகள் அந்தத் தொழிலாளர்களுடையவை. சிறப்பு மலர்களில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது என்பதால் இந்தக் கட்டுரையை அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பின்னாளில் தஞ்சையில் மராத்தியர் ஆட்சியை நிறுவிய ஏகோஜி அந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தை மானியமாக விட்டதை அது சொல்கிறது. அன்று மல்லபுரம் என்ற சிற்றூராக இருந்த இந்த இடம் நகரின் பகுதியாக வளர்ந்ததற்கு ஒரு கொள்ளைநோய் காரணமாயிற்று. விரிவாக்கத் திட்டம் 1890களின் தொடக்கத்திலேயே போடப்பட்டிருந்தது. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் பரவியது. பழைய நகரான பேட்டையின் நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தவர்கள் காற்றோட்டமான இடம் தேடினார்கள், மல்லேஸ்வரமும் பசவனகுடியும் நிரம்பின. அகலமான தெருக்கள், வரிசையான மனைகள், பின்னால் சந்துகள் என்று எல்லாமே நோயை நினைத்துப் போட்ட கோடுகள். மல்லேஸ்வரத்தின் எட்டுப் பகுதிகளையும் சமூகவாரியாகப் பிரித்தார்களே, அந்தக் கோடுகளுக்குக் கிருமி காரணமில்லை. அதையும் சேர்த்துத்தான் இந்த ஊரின் வரலாற்றை எழுத வேண்டும்.

பிளேக் காலத்தில் நோயைக் கண்காணிப்பது காவல் வேலையாக இருந்தது. 1897இல் வந்த கொள்ளைநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு அளவற்ற அதிகாரம் தந்தது. நாடெங்கும் வீடு புகுந்து சோதித்தார்கள், ரயிலில் வந்தவர்களை இறக்கி அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள், நோயாளியையும் உறவினரையும் முகாமுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்கள். மக்கள் அதற்கு அஞ்சி நோயாளியை ஒளித்தார்கள், சாவை மறைத்தார்கள். இப்படி மறைக்கப்பட்டவற்றால் அன்றைய ஏடுகளில் உள்ள எண்கள் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். கெடுபிடியால் எடுத்த கணக்கில் எப்போதும் இந்தக் குறை உண்டு.

பெங்களூருக்கு இன்னொரு குறையும் இருந்தது. பேட்டை மைசூர் அரசின் கீழும், தமிழர் பெருமளவில் வாழ்ந்த தண்டு, அதாவது கண்டோன்மென்ட், பிரிட்டிஷார் கீழும் இருந்தன. ஒரே ஊரின் பிறப்பு இறப்புகள் இரண்டு நிர்வாகங்களில் பதிவாயின. கொசுவும் ஈயும் எல்லை பார்ப்பதில்லை. 1949இல்தான் இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. 1951இல் சுமார் 7.8 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1961இல் 12 லட்சத்தைத் தாண்டியது. ஆலைகளுக்கும் புதிய தொழிற்சாலைகளுக்கும் ஆள் வந்துகொண்டே இருந்த அந்தப் பத்தாண்டில் எல்லோரும் அஞ்சிய நோய் காசம். நம் பாட்டிகள் அதை எலும்புருக்கி என்பார்கள்.

காசநோயாளியை மலையடிவாரச் சானடோரியத்துக்கு அனுப்பினால்தான் பிழைப்பார் என்பது அன்றைய நம்பிக்கை. அதை உடைத்தது சென்னை. 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் மற்றதற்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. நல்ல உணவும் ஓய்வும் கிடைக்காத குடிசையிலும் மருந்து ஏறத்தாழ அதே அளவுக்கு வேலை செய்தது. உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை.

அதே 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் உருவானது. பெல்லாரி சாலையில் மைசூர் அரச குடும்பத்துக்கு உரியதாக இருந்த 'அவலான்' மாளிகை அதற்குக் கிடைத்தது. 1960 செப்டம்பர் 16 அன்று நேரு திறந்துவைத்தார். அந்த முகவரியின் அஞ்சல் எண் 560003, மல்லேஸ்வரத்தின் எண். சமூகவியல் பார்வை கொண்ட மருத்துவர் தேவபர் பானர்ஜியும் டென்மார்க்கிலிருந்து வந்த ஸ்டிக் ஆண்டர்சனும் அங்கே ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள்: கிராமத்துக் காசநோயாளிக்குத் தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று தெரியுமா?

மக்கள் அறியாதவர்கள், நோயைத் தேடிப் படமெடுக்கும் எக்ஸ்ரே வண்டியோடு நாம்தான் ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது அதுவரை இருந்த எண்ணம். தும்கூர் மாவட்டத்தில் விசாரித்தபோது கிடைத்த பதில் வேறு. நோயாளிகளில் பெரும்பாலோர் இருமலை உணர்ந்திருந்தார்கள், கவலைப்பட்டிருந்தார்கள். பாதிப் பேர் வைத்தியம் தேடிப் போயும் இருந்தார்கள். போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. 1963இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் வாசித்த பொதுநல ஆவணங்களிலேயே தலையாயதாகக் கருதுகிறேன். மக்களின் அறியாமை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் மருத்துவமனையின் செவிட்டுத்தனம் இருந்ததை அது கண்டுகொண்டது. இருமலோடு வருகிறவரின் சளியைப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே நுண்ணோக்கியில் பார்த்து, மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாவட்டத் திட்டம் இந்த நிறுவனத்தின் பணியிலிருந்து வந்ததே. 1962 முதல் நாட்டின் திட்டமாகவும் அது ஆயிற்று.

அதே நிறுவனத்தின் இன்னொரு கணக்கை வாசிக்க மனம் கனக்கிறது. 1961 முதல் 1968 வரை பெங்களூர் மாவட்டத்தின் 119 கிராமங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதிய பதிவு அது. முறையான சிகிச்சைத் திட்டம் எட்டாத ஊர்கள் அவை. சளியில் கிருமி இருந்தவர்களில் ஐந்தாண்டு முடிவில் 49 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், ஏறத்தாழ மூன்றிலொருவர் தாமாகவே தேறியிருந்தார்கள், மீதிப் பேர் கிருமியோடு வாழ்ந்தார்கள். உலகெங்கும் இந்த எண்களை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாளுகிறார்கள். மருந்து கண்டுபிடித்த பிறகும் அது போய்ச் சேராத மனிதர்களின் எண்கள் அவை.

இந்த மலரைக் கையில் எடுக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கட்டட வேலை பார்க்கும் அண்ணன், உங்கள் வீட்டுப் பெரியவர் என்று யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால், இருமல் மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கூடவே போய் வாருங்கள்.