வானத்தில் வரப்பு இல்லை: சிறு விமானங்களும் ரேடாரும்

நிலத்தில் அடுத்தவர் வயலுக்குள் கால் வைத்தால் வரப்பு காட்டிக் கொடுத்துவிடும். வானத்தில் வரப்பு கிடையாது. ஆனால் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத வான்பகுதிகள் உண்டு. சொந்த விமானம் ஓட்டும் ஒருவர் அந்த எல்லையைத் தானே அறிந்திருக்க வேண்டும். தவறினால் அவருக்கு மட்டுமல்ல, நூறு பேரை ஏற்றி வரும் விமானத்துக்கும் ஆபத்து. இதைத் தடுக்க ரேடார் எப்படித் துணைக்கு வந்தது என்பதற்கு அமெரிக்க வரலாறு நல்ல உதாரணம்.

கண்ணை நம்பிய காலம்

ஆரம்பத்தில் 'பார்த்து விலகு' என்பதே விதி. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தனர். அதன் பிறகு ரேடார் வசதிகள் பெருகின. ஆனால் சாதாரண ரேடாருக்கு ஒரு குறை உண்டு. விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது சொல்லும், உயரத்தைச் சொல்லாது. இரண்டாம் உலகப் போரில் நண்பனையும் எதிரியையும் பிரித்தறியப் பயன்பட்ட கருவியிலிருந்து டிரான்ஸ்பாண்டர் பிறந்தது. ரேடார் கேட்கும்போது இது நான்கு இலக்க எண்ணைப் பதிலாக அனுப்பும். 'மோட் சி' வசதி இருந்தால் உயரத்தையும் சேர்த்து அனுப்பும்.

1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் ஒரு போயிங் 727 விமானம் சிறிய செஸ்னாவுடன் மோதியது. 144 பேர் பலியாயினர். இரண்டு விமானங்களுமே கட்டுப்பாட்டாளர்களுடன் தொடர்பில் இருந்தவைதான். செஸ்னா இருப்பதைப் பெரிய விமானத்துக்குச் சொல்லியும் இருந்தார்கள். விமானிகள் அதைக் கண்ணிலிருந்து தவற விட்டதே வினையாயிற்று.

செரிட்டோஸ், 1986

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. டொரன்ஸிலிருந்து மூன்று பேருடன் ஒரு பைப்பர் விமானம் பிக் பேர் நோக்கிக் கிளம்பியது. அதே நேரம் ஏரோமெக்ஸிகோவின் டிசி-9 விமானம் 64 பேருடன் லாஸ் ஏஞ்சலஸில் இறங்க வந்துகொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சலஸின் கட்டுப்பாட்டு வான்பகுதி கொலுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற அமைப்பு. விமான நிலையத்திலிருந்து விலக விலக அதன் அடிமட்டம் உயர்ந்துகொண்டே போகும். செரிட்டோஸ் நகருக்கு மேலே அது 6,000 அடி. அதற்குக் கீழே பறந்திருந்தால் பைப்பருக்கு அனுமதியே தேவையில்லை. ஆனால் மோதல் நடந்தது சுமார் 6,560 அடியில்!

பைப்பரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. உயரம் சொல்லும் வசதி இல்லை. அதன் விமானி ரேடார் கட்டுப்பாட்டாளரிடம் பேசவும் இல்லை. கட்டுப்பாட்டாளரோ அந்த வேளையில், அனுமதியின்றி நுழைந்த வேறொரு சிறு விமானத்துடன் பேசிக்கொண்டிருந்தார். விமானங்களில் இருந்த 67 பேரும் தரையில் வீடுகளில் இருந்த 15 பேருமாக 82 பேர் உயிரிழந்தனர்.

தவறு யாருடையது? விசாரணை அறிக்கை, மோதலைத் தடுப்பதில் கட்டுப்பாட்டு அமைப்புக்கு இருந்த குறைபாடுகளையே முதலில் சொன்னது. அனுமதியற்ற நுழைவும் 'பார்த்து விலகு' முறையின் பலவீனமும் துணைக் காரணங்கள். 1989இல் ஜூரியும் பைப்பர் விமானி மீதும் அரசு மீதும் சமமாகப் பொறுப்பைச் சுமத்தியது.

அதன் பின் வந்தவை

1989 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்கும் பெரும்பாலான விமானங்களுக்கு மோட் சி கட்டாயமானது. பெரிய பயணிகள் விமானங்களில் 'டிகாஸ்' என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி 1993 முடிவுக்குள் பொருத்தப்பட வேண்டும் என்று ஆனது. 2020 முதல், தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியும் இத்தகைய வான்பகுதிகளில் அவசியம்.

இவற்றோடு, விரும்பும் தனியார் விமானி வானொலியில் கேட்டால் கிடைக்கும் ரேடார் உதவியும் உண்டு. கட்டுப்பாட்டாளர் ஒரு தனி எண் கொடுத்து, "இரண்டு மணித் திசையில், மூன்று மைலில் ஒரு விமானம்" என்று எச்சரிப்பார். கட்டணம் இல்லை. ஆனால் அவருக்கு வேலைப்பளு மிகுந்தால் மறுத்துவிடலாம். விலகிச் செல்லும் பொறுப்பும் விமானியுடையதே.

ரேடார் எவ்வளவு வளர்ந்தாலும், சிறு விமானம் தன்னைப் பற்றிச் சொன்னால்தான் அதற்கு முழுமையாகத் தெரியும். செரிட்டோஸில் விடுபட்டது உயரம் என்ற ஒரு தகவல். அதன் விலை 82 உயிர்கள்.