திடீர் திடீரென ஆஃப் ஆகும் கம்ப்யூட்டர்: கோளாறு எங்கே? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்க!

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பட்டென்று ஆஃப் ஆகிறது. இல்லையென்றால் ப்ளூ ஸ்கிரீன் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிறது. யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் அட்வைஸ், "ஃபார்மட் அடிச்சிடுங்க" என்பதுதான். ஆனால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸிலோ ரேமிலோ இருந்தால், எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் சரியாகாது. பேக்கப் இல்லாமல் அடித்தால் போட்டோக்களும் ஃபைல்களும் போய்விடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

கம்ப்யூட்டர் எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தைப் பெருமளவு நெருங்கிவிடலாம்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

பேக்கப்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆகும் நிலையில் இருக்கும்போதே முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். அடுத்து, ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள்: ஆன் செய்து எவ்வளவு நேரத்தில் நின்றது? அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது? சமீபத்தில் புதிதாக என்ன மாட்டினீர்கள், என்ன அப்டேட் செய்தீர்கள்?

பட்டென்று ஆஃப் ஆனால்?

எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஆஃப் ஆனால் சந்தேகப்பட வேண்டியது இரண்டு: சூடு, கரன்ட்.

கேம், வீடியோ எடிட்டிங் என்று கொஞ்ச நேரம் ஓடிய பிறகே ஆஃப் ஆகிறது, உடனே ஆன் செய்தால் சீக்கிரமே மறுபடி நிற்கிறது என்றால் சூடாக இருக்கலாம். ஹெச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச சாஃப்ட்வேரில் பிராசசரின் வெப்பநிலையைப் பார்க்கலாம். பெரும்பாலான பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைத் தாமாகவே குறைக்கும். அதற்கு மேலும் போனால், பாதுகாப்புக்காக கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடும். ஃபேனில் அடைத்த தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சுவரை ஒட்டி வைத்த கேபினட் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை சரியாக இருந்தும் ஆஃப் ஆகிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேராக சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். லைட் ஒரு நொடி மினுங்கும்போதெல்லாம் கம்ப்யூட்டரும் நின்றால், யுபிஎஸ் பேட்டரி பலவீனமாகியிருக்கலாம். கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர், கேம் ஆரம்பித்ததுமே ஆஃப் ஆனால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் வரும். நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

ப்ளூ ஸ்கிரீன் வந்தால்?

பதறாமல் போனில் ஒரு போட்டோ எடுங்கள். அதில் உள்ள ஸ்டாப் கோடுதான் முக்கியத் தடயம். விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் இந்தத் திரை கருப்பு நிறத்தில் வரும். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் முதலில் ரேமைச் சோதிக்கலாம். 'வியா அன்கரெக்டபிள் எரர்' என்றால் பெரும்பாலும் ஹார்டுவேர் பக்கம் பார்க்க வேண்டும். திரையில் ஏதாவது ஒரு டிரைவர் ஃபைலின் பெயர் இருந்தால், அந்த டிரைவரைப் பழைய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். சேஃப் மோடில் எத்தனை மணி நேரம் ஓடினாலும் நிற்கவில்லை என்றால் டிரைவர் அல்லது சாஃப்ட்வேர் மீதுதான் சந்தேகம் கூடும்.

சாஃப்ட்வேரால் இவ்வளவு ஆகுமா என்று கேட்டால், 2024 ஜூலை 19-ம் தேதியே உதாரணம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. பாதிப்புக்குக் காரணம் அவற்றின் ஹார்டுவேர் இல்லை.

ரேமை சோதிப்பது எப்படி?

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிடுங்கள். அதில் பாஸ் ஆனாலும் ரேம் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஆஃப் ஆகாமல் ஹேங் ஆனால்?

மவுஸ் நகரவில்லை, ஃபைல் திறக்க வெகுநேரம் ஆகிறது, ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் 'காஷன்' அல்லது 'பேட்' என்று காட்டினால், ரிப்பேர் டூல் எதையும் ஓட்டும் முன் டேட்டாவைக் காப்பி எடுங்கள். பழுதான டிஸ்க்கில் அந்த டூல்களை ஓட்டினால் நிலைமை மோசமாகலாம்.

விண்டோஸ் எழுதிவைக்கும் டைரி

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால், எந்த நாளில் எது நின்றது என்ற பட்டியல் வரும். முதல் சிவப்புக் குறி விழுந்த நாளில் என்ன இன்ஸ்டால் ஆனது என்று பாருங்கள்.

'ஈவன்ட் வியூவர்' உள்ளே 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு. முறையாக ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆனது என்பது மட்டுமே அதன் அர்த்தம். காரணத்தை அது சொல்லாது.

பிராசசரே காரணமாக இருக்குமா?

அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் கூடுதல் வோல்டேஜ் காரணமாக கிராஷ் ஆவதை அந்த நிறுவனமே 2024-ல் ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட் மூலம் தீர்வு தந்ததுடன், பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு 2 ஆண்டுகள் கூடுதல் வாரன்டியும் அறிவித்தது. ஏற்கெனவே பழுதான பிராசசரை அந்த அப்டேட் சரிசெய்யாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

திரையில் போன் நம்பர் வந்தால்?

அது மோசடி. உண்மையான ப்ளூ ஸ்கிரீனில் போன் நம்பர் இருக்காது. அந்த நம்பருக்குப் பேசாதீர்கள், அவர்கள் சொல்லும் ஆப் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

சர்வீஸ் கடைக்குப் போகும்போது

குறித்துவைத்த பேப்பரையும் ஸ்டாப் கோடு போட்டோவையும் காட்டுங்கள். "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்பதைவிட, "கேம் ஆரம்பிச்சா 10 நிமிஷத்துல ஆஃப் ஆகுது, ரேம் டெஸ்ட் பாஸ்" என்று சொன்னால் தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், கம்ப்யூட்டர் சரியானாலும் எது கோளாறு என்பது கடைசி வரை தெரியாது, பில் மட்டும் கூடும்.