இணைய இடைச்சேமிப்பின் வரலாறு

ஓர் அலுவலகத்தில் பலர் ஒரே வலைப்பக்கத்தைக் கேட்கும்போது, முதலில் வந்த படியை உள்ளூர்க் கணினியில் வைத்திருந்து மற்றவர்களுக்கும் வழங்குவதே கேச் எனப்படும் இடைச்சேமிப்பு ஆகும். இதனால் வெளி இணைப்பின் சுமை குறைகிறது.

1994இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் வலைவழங்கி மென்பொருளில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்தின் வழிவந்த ஸ்குவிட் என்னும் கட்டற்ற மென்பொருளை 1996இல் டுவேன் வெசல்ஸ் வெளியிட்டார். மெதுவான ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்த அக்காலத்தில் இது பெரிதும் பயன்பட்டது.

பின்னர் எச்.டி.டி.பி.எஸ். மறையாக்கம் பரவியது. இடையிலுள்ள கணினியால் பக்கத்தைப் படிக்க முடியாததால், அதைச் சேமித்துப் பிறருக்கு வழங்கவும் முடியவில்லை. பயனரின் அந்தரங்கம் காக்கப்பட்டது; பொதுச் சேமிப்பின் பயன் சுருங்கியது. எனினும், மென்பொருள் இற்றைப்படுத்தல்களை அலுவலகத்துக்குள்ளேயே சேமித்துப் பகிர்வதில் இம்முறை இன்றும் தொடர்கிறது.