பொய்யென்று தெரிந்தும் அவதூறு வழக்கில் வெல்வது ஏன் கடினம்?

"உன்மேல் மான நஷ்ட வழக்குப் போடுவேன்!" கோயில் நிர்வாகக் கூட்டங்களிலும் புலனக் குழுக்களிலும் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்வது எளிது. ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் உள்ள உயர் நீதிமன்றத்தில் அதை வென்று காட்டுவது எளிதல்ல.

இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் முந்தைய தீர்ப்புகளும்தான். வழக்குத் தொடுப்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். அந்தச் சொற்கள் பெயரைக் கெடுப்பவை, தம்மையே குறிப்பவை, வேறொருவர் காதுக்கோ கண்ணுக்கோ போனவை. யாரும் இல்லாத இடத்தில் நேருக்கு நேர் திட்டியது இதில் சேராது.

சொன்ன சொற்களை அப்படியே எழுதிக் காட்டவும் வேண்டும். "திருடன் என்கிற மாதிரி பேசினார்" என்றால் போதாது. பேச்சு தமிழில் என்றால், தமிழ்ச் சொற்களோடு மொழிபெயர்ப்பும் தேவை. எழுதாமல் வாயால் சொன்னது என்றால், பொதுவாகப் பண நஷ்டம் ஏற்பட்டதையும் காட்ட வேண்டும். ஒருவரின் தொழிலையோ பெண்ணின் கற்பையோ பழித்தல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே இதில் விலக்கு.

பலரும் ஏமாறும் இடம் போலீஸ் புகார். "என்மேல் பொய்ப் புகார் கொடுத்தார், வழக்குப் போடலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். குற்றம் குறித்துப் போலீசில் கொடுக்கும் புகாருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. கெட்ட எண்ணத்தோடு கொடுத்திருந்தாலும் அதன்மேல் அவதூறு வழக்கு நிற்காது. வழக்குக்குப் பயந்து மக்கள் புகார் கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதே காரணம். பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டம் 182ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் அது வேறு பாதை.

எதிர்த்தரப்புக்கும் ஆயுதங்கள் உண்டு. சொன்னது உண்மை அல்லது பொதுநலன் குறித்த நியாயமான விமர்சனம் என்று வாதாடலாம். அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் டோனி புவாமீது சிலாங்கூர் நீர் விநியோக நிறுவனம் ஷாபாஸ் தொடுத்த வழக்கில், 2012இல் உயர் நீதிமன்றம் 2 லட்சம் வெள்ளி இழப்பீடு வழங்கியது. அந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்றது.

காலமும் ஆகும். பினாங்கின் முன்னாள் இரண்டாம் துணை முதல்வர் பேராசிரியர் பி. இராமசாமிமீது சாகிர் நாயக் 2019இல் வழக்குத் தொடுத்தார். 15 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி கொடுக்கும்படி பினாங்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 நவம்பரில். தோற்பவர் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவுத் தொகையையும் கட்ட வேண்டிவரும்.

ஆகவே கோபத்தில் ஓடாதீர்கள். கைப்பேசியில் வந்த பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். தேதி, குழுவின் பெயர், பார்த்தவர்கள், கேட்டவர்கள் பெயரைக் குறித்து வையுங்கள். வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. முதலில் வழக்கறிஞர் மூலம் ஒரு கடிதம் அனுப்பி, பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். கெட்ட பெயரைத் துடைக்க அதுவே போதுமானால், நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.